தம்பிராசா மாஸ்டரின் குளிர் உலை

தலைமாட்டு விளக்குக்கு எண்ணெய் விட்டு நிமிர்ந்த தங்கரத்தினம், செத்தவீட்டில் சிரித்துவிடக்கூடாதென்று பல்லைக் கடித்துக்கொண்டாள். முற்றத்தில் ஆனந்தராசா மாஸ்டர் இரங்கலுரை ஆற்றிக்கொண்டிருந்தார்.

"உலகத்துக்கே வெளிச்சம் குடுக்க இருந்த விஞ்ஞானியை இண்டைக்கு இழந்து நிக்கிறம்!"

வெளிச்சமாம். துறைமுகத்தடியில் பாதி நாள் கரண்டே இல்லை.

எண்பத்தொன்பதில், மேசையில் வைத்த குடுவைக்குள் சூரியனுடைய வேலையை நடத்திவிட்டோம் என்று அமெரிக்காவில் இரண்டு பேர் சொன்னதாக மாஸ்டர்மார் இருவரும் றேடியோவில் கேட்டார்கள். அன்று பிடித்த பைத்தியம். அவள் புருஷன் தம்பிராசா இரசாயனம் படிப்பித்தவர், ஆனந்தராசா பௌதிகம். ஆனந்தராசா கொழும்பிலிருந்து ஏதோ விலை கூடின கம்பித்துண்டு கொண்டுவந்தார். குடுவையை வைக்கத் தன் வீட்டில் மட்டும் இடம் கொடுக்கவில்லை.

குடுவை ஒரு தொட்டித் தண்ணீருக்குள் இருக்கவேண்டும். தொட்டியின் சூடு கூடவும் கூடாது, குறையவும் கூடாது. கூடினால் மீன்வாடியிலிருந்து ஐஸ் வரும், குறைந்தால் பல்ப் எரியும். கரண்ட் போனால் எல்லாம் பாழ். தொட்டி இருந்த அறைக்குக் குசினிச் சுவர் சுடுகிறதென்று அவளை வெளியே தகரக் கொட்டிலில் சமைக்க வைத்தார். மாரியிலும் அங்கேதான். கச்சான் காற்று தொட்டியைக் கெடுக்கிறதென்று யன்னலுக்கெல்லாம் கம்பளி அடித்தார்.

"குடுவை ஒரு பாகை கூடச் சுடுது, ரத்தினம்!"

"நீங்கள் அதைவிடச் சுடுறியள். வெளியில வாங்கோ."

வரவில்லை. நெஞ்சு நோகுதென்றவரை ஆசுபத்திரிக்குப் போகச் சொன்னாள். தொட்டியை ஆர் பார்க்கிறது என்றார். அந்த வெக்கைக்குள், கதிரையில் இருந்தபடியே போய்ச் சேர்ந்தார். தேத்தண்ணியோடு போனவள், வழக்கம்போல வெப்பமானியைப் பார்க்கிறாராக்கும் என்று கோப்பையை வைத்துவிட்டுத் திரும்பி வந்துவிட்டாள். அது ஆறின பிறகுதான் தெரிந்தது.

ஊரடங்குக்கு முன் எரித்துவிட்டுத் திரும்பவேண்டும். பாடையைத் தூக்கும்போது ஆனந்தராசாவைக் காணவில்லை. பெண்களோடு வாசல் படலைவரை வந்த தங்கரத்தினம் எட்டிப் பார்த்தாள். சந்தியில், ஆமிக்காரரின் சென்றிப் பொயின்ரில் அவர் முழங்காலில் நின்றார். முன்னால் குடுவை, பற்றரி, வயர்கள். எல்லாரும் அழுதுகொண்டிருந்த நேரம் பார்த்து எடுத்துக்கொண்டு போயிருக்கிறார்.

பெண்கள் படலையைத் தாண்டக்கூடாது என்று யாரோ கையைப் பிடித்தார்கள். உதறிவிட்டு நடந்தாள்.

"குண்டுதானே?" ஆமிக்காரன் உடைந்த தமிழில் கத்தினான்.

"நோ சேர், பியூஷன்... நியூக்ளியர்..." என்றார் ஆனந்தராசா. கடைசிச் சொல் மட்டும் ஆமிக்காரனுக்கு விளங்கியது. துவக்கின் குழல் நிமிர்ந்தது. "ஐயோ சேர், என்ர இல்லை! செத்தவற்றை சாமான்! எனக்கொண்டும் தெரியாது!"

தங்கரத்தினம் அவரை ஒருதரம் பார்த்தாள். பிறகு ஆமிக்காரனிடம் திரும்பினாள்.

"என்ர மனுசன்ர சாமான் தம்பி. தண்ணி சுட வைக்கிறது."

அவன் குனிந்து விரலை விட்டுப் பார்த்தான். "சுடு இல்லையே. பச்சைத் தண்ணி."

"ஓம். ஒரு நாளும் சுட்டதில்லை."

ஆமிக்காரன் மற்றவனுக்குச் சிங்களத்தில் சொன்னான். இரண்டு பேரும் விழுந்து விழுந்து சிரித்தார்கள். இவ்வளவு வயரும் தண்ணி சுட வைக்கவா! அவள் சிரிக்கவில்லை. சிரிப்பு அடங்கும்வரை அவர்கள் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றாள். ஒருவன் சப்பாத்துக் காலால் குடுவையைத் தட்டிவிட்டான்.

"ரத்தினமக்கா, நான் ஒரு பாதுகாப்புக்காகத்தான்..."

"போங்கோ மாஸ்டர். தோள் குடுக்க ஆள் காணாது."

தார் றோட்டில் தண்ணீர் பரவியது. பறை கிட்ட வந்தது. பாடை தூக்கியவர்கள் வெறுங்காலால் அதை மிதித்துக்கொண்டு போனார்கள். ஈரக் காலடிகள் கொஞ்சத் தூரம் அவர்களோடு போயின. அதற்கப்பால் வெறும் றோட்டு.