வாய் மட்டும் அவருடையது

படம் தொடங்கிப் பத்தாவது நிமிடத்தில் ஃபிருதின் திரைக்கு வந்தார். மாவு படிந்த கையைத் தட்டிவிட்டு வாயைத் திறந்தார். வந்த குரல் அவருடையது அல்ல.

மலையடிவார ஊரான ஷெக்கியின் நாடக அரங்கில் இருபத்தாறு வருடம் நடித்தவருக்கு இதுதான் முதல் சினிமா, தலைநகர் பாக்கூவில் எடுத்தது. போருக்குப் போன மகனுக்காகக் காத்திருக்கும் மாவு ஆலைக்காரர் வேடம். 1974 நவம்பர் மூன்றாம் தேதி, ஞாயிறு மதியக் காட்சிக்கு அவரே வீடு வீடாகப் போய் அழைத்திருந்தார். தேநீர்க்கடைக் கூட்டமும் பட்டு ஆலைப் பெண்களும் வந்து அரங்கு நிறைந்திருந்தது. பக்கத்து இருக்கையில் அக்கா குல்சபா. பதினோரு வருடமாகக் கண் தெரியாது. ஆனாலும் தம்பியின் நாடகம் ஒன்றைக்கூட விட்டதில்லை. காதால் பார்க்கிறவள்.

"தம்பி, நீ எப்ப வருவ?" என்றாள் மெதுவாக.

ஃபிருதினின் முகம் எதிரே சுவரளவு நின்று, வானொலியில் செய்தி வாசிப்பவரைப் போல வழவழவென்று பேசிக்கொண்டிருந்தது.

"யாருடா இவன், மாவு அரைக்கிறவனா மந்திரியா?" என்று அக்கா முணுமுணுத்தாள்.

பின்வரிசையிலிருந்து ஒருவன், "ஃபிருதின் அண்ணே, பாக்கூ தண்ணி தொண்டைய மாத்திடுச்சா?" என்றான். அரங்கு சிரித்தது.

படப்பிடிப்பு முடிந்தபோது, குரல் பதிவுக்குக் கூப்பிடுகிறோம் என்றார்கள். ஃபிருதின் இரண்டு முறை தொலைபேசியில் கேட்டார். தேதி இன்னும் வரவில்லை என்றார்கள். மறந்துவிடப் போகிறார்களே என்று இயக்குநருக்கு ஒரு பெட்டி ஹல்வா வேறு அனுப்பினார். தின்றுவிட்டுச் சும்மா இருந்திருக்கிறான்.

இயக்குநர் ஷாமில் முதல் வரிசையில், மடியில் பூங்கொத்தோடு உட்கார்ந்திருந்தான். ஃபிருதின் போய் அவன் முன்னால் நின்றார்.

"என் குரல் எங்க?"

"உக்காருங்கய்யா. எல்லாரும் பாக்கறாங்க."

"பாக்கட்டும். கேக்கத்தான் விடலையே நீ. என் குரல் எங்க?"

"உங்க ஊர்ப் பேச்சக் கேட்டாலே பாக்கூல சிரிக்கறாங்க. ஷெக்கிக்காரன் வாயத் தொறந்தா ஜோக்குன்னு நெனப்பு. கடைசி சீன்ல ஒருத்தன் சிரிச்சாலும் படம் போச்சு. வேற நடிகர வச்சுப் பேச வைக்கிறது எல்லாப் படத்துலயும் நடக்கறதுதான், உங்களுக்குத் தெரியாதா?"

"முன்னாடியே ஏன் சொல்லல?"

"சொல்லியிருந்தா நடிச்சிருப்பீங்களா?"

ஃபிருதின் ஓங்கவிருந்த கையைச் சட்டைப் பைக்குள் திணித்துக்கொண்டு மாடிப்படி ஏறினார். படம் ஓட்டும் அறையில் குர்பான் இருந்தார், ஒரே தெருக்காரர்.

"கடைசி ரீல்ல சத்தத்த நிறுத்து."

"என் வேலைக்கு உலை வைக்காதய்யா."

"என் மூஞ்சியில எவனோ பேசறான், குர்பான். எங்கக்கா பக்கத்துல உக்காந்து நான் எப்ப வருவேன்னு கேக்கறா."

குர்பான் கடைசி ரீலைக் கையில் எடுத்தார். "மிஷின் பழசு. சத்தம் அப்பப்ப நிக்கும்னு ஊருக்கே தெரியும்," என்றார். "நீ கீழ போ."

கடைசி ரீல். மகன் இறந்ததாகக் கடிதம் வந்தாயிற்று. ஆலையை நிறுத்தப் போகிறான் வேலையாள். திரையில் ஃபிருதின் நிமிர்ந்தபோது சத்தம் அற்றுப்போனது. திரைக்குப் பக்கத்தில் நின்ற ஃபிருதின் பேசினார். தன் உதட்டுக்குத் தான் பேசுவதில் என்ன கஷ்டம்? ஷெக்கிக்காரர்களின் இழுப்போடு, நாடக மேடையில் கடைசி வரிசைக்கும் எட்டுகிற அதே தொண்டையில்:

"நிறுத்தாதடா. எம்புள்ள இந்தச் சத்தத்தக் கேட்டுத்தான் வீட்டக் கண்டுபிடிப்பான். சுத்தட்டும். தானியம் இல்லன்னாலும் சுத்தட்டும்."

யாரும் சிரிக்கவில்லை. பட்டு ஆலைப் பெண்கள் முக்காட்டால் வாயைப் பொத்திக்கொண்டார்கள். "வந்துட்டான், எந்தம்பி வந்துட்டான்," என்று குல்சபா பக்கத்து ஆளின் தோளைத் தட்டினாள்.

விளக்கு எரிந்ததும் ஷாமில் வந்தான். பூங்கொத்து கையில் இல்லை.

"இனிமே பாக்கூலேர்ந்து ஒருத்தனும் உங்களக் கூப்பிட மாட்டான்."

"கூப்பிட வேணாம். அடுத்த தடவ மூஞ்சி மட்டும் வேணும்னா ஒரு போட்டோ எடுத்துக்க. அது எதிர்த்துக் கேக்காது. ஹல்வாப் பெட்டியத் திருப்பி அனுப்பிடு."

சொன்னபடியே யாரும் கூப்பிடவில்லை. மற்ற ஊர்களில் படம் அந்த வழவழப்புக் குரலோடுதான் ஓடியது. அது ஃபிருதினுக்கு அன்றே தெரியும். அதனால்தான் அன்று அரங்க வாசலில் அக்காவின் கையைப் பிடித்தபோதும் அவருடைய இன்னொரு கை பைக்குள் முஷ்டியாகவே இருந்தது.

"ஏண்டா இவ்வளவு தாமதமா வந்த?" என்றாள் அவள்.

"வழிய ஒருத்தன் மறிச்சுக்கிட்டு நின்னான்க்கா."