கஸ்பார் வாத்தியார் எழுதிய விமரிசனம்

பேனாவைக் கையில் எடுத்தால் கஸ்பார் வாத்தியாருக்கு எங்கிருந்துதான் அவ்வளவு வாய்க்கொழுப்பு வருமோ! ஐம்பத்தெட்டாம் வருசம் திண்டுக்கல் கொட்டகையில் ஒரு காட்டுப் படம் ஓடியது. ஊரே பார்த்து அழுதது. பட்டணத்துப் பத்திரிகைகள் தலையில் தூக்கி வைத்துக்கொண்டு ஆடின. கஸ்பார் மட்டும் உள்ளூர் வாரப் பத்திரிகையில் வெளுத்து வாங்கினார்: 'மலையில் வழிதவறியவன் மூன்று மாதம் கிழங்கு தின்று பிழைத்து, தாடியோடு வீடு திரும்புகிறானாம். யார் காதில் பூச்சுற்றுகிறார்கள்? வந்தது ஆளல்ல, ஆவி என்று முடித்திருந்தால் நம்பியிருக்கலாம்.'

டீக்கடையில் அதை வாசித்துச் சிரிக்காத ஆளில்லை. ஆத்தூரில் வாழ்க்கைப்பட்டிருந்த அவருடைய தங்கை அல்போன்சா சிரிக்கவில்லை. வாழைத்தார் வாங்க ஆடியில் மலையேறிய அவள் புருஷன் சூசைமுத்து மூன்று மாதமாகியும் இறங்கவில்லை. அவனுக்கு இறந்தோர் பூசை வைக்கச் சொல்லி ஊரே நச்சரித்தபோதும் மாட்டேனென்று நின்றவள், அண்ணன் எழுதியதைப் படித்ததும் நேரே மாதா கோயில் சாமியாரிடம் போனாள்.

"படிச்ச மனுசன், எங்கண்ணனே சொல்லிருச்சு சாமி, மலையில தவறுனவன் பிழைக்க மாட்டான்னு."

கஸ்பார் கேள்விப்பட்டார். 'சினிமாவைத்தானே சொன்னேன்' என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். எழுதியதை விழுங்க ரோசம் விடவில்லை.

கல்லறைத் திருநாளன்று காலையில் பூசை நடந்தது. உடல் இல்லாததால் காலிப் பெட்டிமேல் கறுப்புத் துணி விரித்துத் தீர்த்தம் தெளித்தார்கள். அன்றைக்கு ஆத்துமாக்கள் வீடு தேடி வரும் என்பது அந்தப் பக்கத்து நம்பிக்கை. பொழுது சாயும்போது அல்போன்சா வீட்டில் அண்ணனும் தங்கையும் கதவைச் சாத்திக்கொண்டு செபமாலை சொன்னார்கள். தெருவில் ஒரு நாய்கூடக் குரைக்கவில்லை.

யாரோ கதவைத் தட்டினார்கள்.

"அல்போன்சா... பசிக்குது. கதவத் தெற."

சூசைமுத்துவின் குரல். கஸ்பார் சன்னல் இடுக்கில் பார்த்தார். சடை, தாடி, எலும்பு. அவர் கை தானாகச் சிலுவை போட்டது.

"அண்ணே, நீ சொல்லு. தெறக்கவா?"

வேண்டாம் என்று தலையாட்டினார்.

அவள் கதவில் வாயை வைத்து, "ஒங்களுக்குப் பூசை வச்சாச்சு. போயிருங்க," என்றாள்.  பிறகு காலை இழுத்து இழுத்து நடக்கும் ஓசை தெருவில் தேய்ந்து போனது.

கஸ்பார் மெல்லத் தாழை நீக்கினார். படியில் வெடித்த பாதத்தின் தடம், ரத்தத்தில். தொட்டுப் பார்த்தார். வெதுவெதுப்பாக இருந்தது.

"மாப்ளே!" என்று இருட்டுகிற தெருவைப் பார்த்து அலறினார். "ஏ மாப்ளே!"

பின்னாலிருந்து அல்போன்சா அவர் வாயைப் பொத்தினாள்.

"கூப்பிடாதண்ணே," என்றாள். "திரும்பி வந்துரும்."