மூன்று வாய்க்கு ஒரு கலவை

குக்கர் சீறி அடங்கியபோது கிழக்கே மலை முகடு மட்டும் வெளுத்திருந்தது. லூ அண்ணன் மூடியைத் திறந்து, வெந்த கரண்டிகளையும் சிறு கண்ணாடிகளையும் இடுக்கியால் எடுத்துத் துணியில் பரப்பினார். வண்டி ஓட்டுவது, அடுப்பு மூட்டுவது, கருவிகளை அவிப்பது எல்லாம் அவர் வேலை. லியூமேயும் நானும் வகுப்பறை மேசைகளை இரண்டிரண்டாக இழுத்துச் சேர்த்தோம். பல் பார்க்க வரும் பிள்ளைகளுக்கு அதுதான் கட்டில். விரல்கள் குளிரில் மரத்துப்போயிருந்தன. சுடுதண்ணீர்க் குவளையைக் கட்டிப் பிடித்து விரல்களுக்கு உயிர் வரவைத்தோம். பல் அடைக்கிறவளுக்கு விரல் மரத்துப்போனால் பிழைப்பே மரத்துவிடும்.

ஆறு மாதத்துக்கு முன்னால் இதே மேட்டுப் பள்ளியில்தான் நாங்கள் அடைத்தோம். மலையில் மின்சாரம் நம்ப முடியாது, துளைக்கும் எந்திரம் கிடையாது. சிறு கரண்டியால் சொத்தையைச் சுரண்டி எடுத்துவிட்டு, ஒரு கரண்டி அடைப்புப் பொடிக்கு ஒரு சொட்டுத் திரவம் விட்டுக் காகிதத்தில் குழைத்து, குழியில் வைத்து, வாஸலின் களிம்பு தடவிய கட்டைவிரலால் அழுத்த வேண்டும். கலவையில் பளபளப்பு இருக்கும்போதே வைத்துவிட வேண்டும். நன்றாக வைத்தால் பால் பல் விழும்வரை தாங்கும். பளபளப்பு போனபின் வைத்தால் சுவரில் ஒட்டிய காய்ந்த சோறுதான்.

இதெல்லாம் மெங் முதலாளிக்கும் தெரியும். எங்கள் வட்டாரத்தில் ஏழாயிரம் பிள்ளைகளின் பல் அடைக்கும் வேலையை அரசிடம் குத்தகைக்கு எடுத்தவர் அவர். "ஒரு தடவை குழைச்சா மூணு வாய்க்கு வரணும்" என்றார் ஜூன் மாதத்தில். முதல் பிள்ளைக்குப் பளபளவென்று போனது. மூன்றாவது பிள்ளைக்கு மங்கிப் போனது. நாங்கள் அதையும் அழுத்தி வைத்தோம். எண்ணிக்கை குறைந்தால் கூலி பாதி. அதை ஒரு சாக்காகச் சொல்லவில்லை, அப்படித்தான் செய்தோம்.

இப்போது மூன்றில் இரண்டு உதிர்ந்துவிட்டன. வியாழக்கிழமை மேலிடத்திலிருந்து ஆட்கள் வந்து எத்தனை நிற்கிறது என்று பார்ப்பார்கள். இன்று திங்கள்.

மெங் வாசலில் வந்து நின்றார். காலணியில் சேறு படக்கூடாது என்று கரும்புத் தோகையை மிதித்து வந்திருந்தார்.

"வெய் அக்கா, சாப்டீங்களா?" என்றார். அவர் என்னை அக்கா என்று கூப்பிட்டால் ஏதோ கழுத்தைச் சுற்றி வருகிறது என்று அர்த்தம். "இன்னைக்கு சுரண்ட வேணாம். விழுந்த குழியில அப்படியே வச்சு அழுத்திட்டுப் போங்க. வியாழன் வரைக்கும் நின்னா போதும்."

"உள்ள அழுகி இருந்தா?" என்றேன்.

"மூடினா யாருக்குத் தெரியும்?"

"பூசி மெழுகுறதுக்கு எங்களை எதுக்கு மொதலாளி கூட்டிட்டு வந்தீங்க? கொத்தனாரைக் கூட்டிட்டு வந்திருக்கலாமே. கூலியும் கம்மி" என்றாள் லியூமே. அவளுக்கு இருபத்து மூன்று வயது. நாக்கு மட்டும் அதற்கு மேல்.

"கொத்தனாருக்கு இவ்வளவு வாய் இருக்காது" என்றார் மெங், சிரிக்காமல்.

அன்று முப்பத்தெட்டுப் பிள்ளைகள். பதினொன்றாவதாக மேசையில் ஏறிப் படுத்தவள் யின்ஹுவா. ஏழு வயது. வாயைத் திறந்தாள். கீழ்வரிசைக் கடைவாய்ப் பல்லில் என் ஜூன் மாதத்து அடைப்பு இருந்த இடம் கறுத்த பள்ளமாகக் கிடந்தது. கரண்டி பட்டதும் துள்ளினாள். அழுகிய வாடை முகத்தில் அடித்தது. ஈறில் ஒரு சின்னக் கொப்புளம், அதன் வழியாகச் சீழ் கசிந்துகொண்டிருந்தது. இப்படிப்பட்ட பல்லை மூடக்கூடாது, திறந்துவிட்டு ஆஸ்பத்திரிக்கு அனுப்ப வேண்டும். மூன்று மாதப் பயிற்சியில் முதல் வாரத்திலேயே சொல்லிக்கொடுத்தது.

நான் நிமிர்ந்து பார்த்தேன். மெங் என் தோளுக்குப் பின்னால் நின்றார்.

"என்ன வேடிக்கை? மூடுங்க."

மூடினேன். அவள் தலையை முழங்கைக்குள் அணைத்து, கட்டைவிரலால் அழுத்தி, முப்பது வரை எண்ணினேன். இறங்கும்போது, "நன்றி அத்தை. இனிமே கரும்பு கடிக்கலாமா?" என்றாள். ஒரு மணி நேரம் எதையும் கடிக்காதே என்று மட்டும் சொன்னேன்.

செவ்வாய்க்கிழமை அடிவாரப் பள்ளி. குக்கர் இன்னும் அடுப்பில் இருந்தது. கரும்புக் காட்டு வழியாக ஒரு பெண் இறங்கி வந்தாள். முதுகில் துணியால் கட்டிய பிள்ளை, இடுப்பில் வெட்டுக்கத்தி. முகமெல்லாம் தோகை கீறிய கோடுகள். யின்ஹுவாவின் அம்மா சுன்லான். அவளை எனக்கு அதற்கு முன்னால் தெரியாது. பிள்ளையின் முகத்தைப் பார்த்ததும் தெரிந்துகொண்டேன்.

இடது கன்னம் வீங்கிக் கண் பாதி மூடியிருந்தது. வீக்கம் தாடைக்குக் கீழே இறங்கி, தோல் சிவந்து இழுத்துக்கொண்டு நின்றது. உடம்பு கொதித்தது. எச்சிலை விழுங்க முடியாமல் வாயோரம் வழியவிட்டிருந்தாள்.

"இதை அடைச்சது யாரு?" என்று கேட்டாள் சுன்லான். கத்தவில்லை. கத்தியிருந்தால் தேவலை.

"நான்தான்."

அவள் என்னை அடிப்பாள் என்று நினைத்தேன். பிள்ளையை அவிழ்த்து மேசையில் கிடத்தினாள். "அப்போ நீயே திற" என்றாள்.

நேற்று அழுத்திய கலவையைக் கரண்டியால் நெம்பினேன். காய்ந்த பொருக்குபோல முழுசாகக் கழன்று வந்தது. பின்னாலேயே சீழ் பொங்கியது. நாற்றத்தில் லியூமே முகத்தைத் திருப்பிக்கொண்டாள். பிள்ளை நீளமாக ஒரு மூச்சு விட்டாள். ஆனால் தாடைக்கடியில் இருந்த கடினம் இளகவில்லை. அது கழுத்துக்குப் போனால் மூச்சுக்குழலை அடைக்கும். இதையும் அந்த முதல் வாரத்திலேயே சொல்லியிருந்தார்கள்.

"அண்ணே, வண்டி" என்றேன்.

"வண்டி எங்கயும் போகாது." மெங் உள்ளே வந்தார். கையில் ஒரு தாள், சிவப்பு மைப்பெட்டி. "நாற்பது பிள்ளைங்க வரிசையில நிக்குது. மாத்திரை குடுக்குறேன். வியாழன் முடியட்டும், நானே கார்ல பெரிய ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போறேன்." சுன்லான் பக்கம் திரும்பினார். "தங்கச்சி, இதுல ஒரு ரேகை வச்சிரு. புள்ள கரும்பு கடிச்சதால அடைப்பு போச்சு, அதனால வீங்குச்சு. அவ்வளவுதான். வைத்தியச் செலவு பூரா என்னோடது."

"கரும்பு மேல பழியா?" லியூமே கொதித்தாள். "இந்த ஊர்ல கரும்பு கடிக்காத புள்ளை எது? அதுக்குத் தாங்குற மாதிரி அடைக்கத்தானே சம்பளம்!"

"நீ பேசாதே. உனக்கு டாக்டர் பட்டம் இருக்கா? வெய்க்கு இருக்கா? மூணு மாசப் பயிற்சிக் காகிதம். வழக்குன்னு வந்தா உள்ள போறது கரண்டி பிடிச்ச கை. நான் எந்தப் பல்லைத் தொட்டேன்?"

அது உண்மைதான். வீட்டில் மகனுக்குப் பள்ளி முடிய இன்னும் இரண்டு வருடம். நான் சுன்லானைப் பார்த்தேன். அவளுக்கு எழுதப் படிக்கத் தெரியாது என்பது தாளைப் பிடித்த விதத்திலேயே தெரிந்தது. மைப்பெட்டி திறந்து கிடந்தது.

"வைக்காதே" என்றேன். "கரும்பு இல்ல. ஜூன்ல மூணு வாய்க்கு ஒரு கலவை குழைச்சோம், அதான் விழுந்துச்சு. நேத்து சீழ் மேலேயே மூடினேன், அதான் வீங்குச்சு. மூடச் சொன்னது இவரு. மூடினது நான்."

மெங்கின் முகம் மாறியது. "லூ, சாவியக் குடு."

லூ அண்ணன் அடுப்படியிலிருந்து எழுந்தார். பன்னிரண்டு வருடமாக மெங்கிடம் வண்டி ஓட்டுகிறவர். அடுப்பை அணைத்தார். கையைத் துடைத்தார். பிள்ளையைத் தூக்கித் தோளில் போட்டுக்கொண்டார்.

"சாவி வண்டியிலேயே இருக்கு மொதலாளி. வண்டி ஆஸ்பத்திரிக்குப் போகுது. நீங்க வர்றதுன்னா பின்னாடி உக்காருங்க."

சுன்லான் அவர் பின்னால் ஓடினாள். வாசலில் நின்று, கரும்புக் காட்டைப் பார்த்து ஒரு குரல் கொடுத்தாள். வெட்டுகிறவர்கள் ஒருவரையொருவர் கூப்பிடும் நீண்ட கூவல் அது. பிறகு வண்டியில் ஏறிக்கொண்டாள். வண்டி புறப்பட்டபோதே காட்டுக்குள் கத்திச் சத்தம் நின்றுவிட்டது.

கால் மணி நேரத்தில் முப்பது பேர் முற்றத்தில் நின்றார்கள். நான் எல்லாவற்றையும் சொன்னேன். முன்வரிசையில் நின்ற ஒருவன், "என் பையனுக்கும் நேத்து நீதான் அடைச்சியா?" என்று கேட்டான். ஆமாம் என்றேன். அவன் என் காலடியில் துப்பினான். விலகவோ கோபப்படவோ எனக்கு உரிமை இல்லை என்று நின்றேன்.

"அப்புறமா எவ்வளவு வேணாலும் துப்பிக்கலாம்" என்றாள் லியூமே அவனிடம். "மேட்டுப் பள்ளியில முப்பத்தேழு புள்ளைங்க வாயில அதே மாதிரி மூடி வச்சிருக்கோம். அதுல எத்தனை இன்னைக்கு ராத்திரி வீங்கும்னு எங்களுக்குத் தெரியாது. டிராக்டரை எடுக்கிறியா, நின்னு துப்புறியா?"

அவன் அவளை ஒரு நிமிடம் பார்த்துவிட்டு டிராக்டரைக் கிளப்பப் போனான்.

மெங் தொலைபேசியில் யாரிடமோ கத்திக்கொண்டிருந்தார். அவர் தாளின் பின்பக்கம் வெறுமையாக இருந்தது. அதில் நான் எழுதினேன்: மூன்று வாய்க்கு ஒரு கலவை குழைத்தோம். சீழின் மேல் மூடினோம். மூடச் சொன்னவர் மெங் முதலாளி. இனி ஒரு வாய்க்கு ஒரு கலவை. சுரண்டாமல் எந்தப் பல்லையும் மூட மாட்டோம். வியாழன் வருகிறவர்களுக்கு இதைத்தான் காட்டுவோம்.

உரக்கப் படித்துவிட்டு அவருடைய மைப்பெட்டியிலேயே கட்டைவிரலைத் தோய்த்து வைத்தேன். லியூமே பக்கத்தில் வைத்தாள். கரும்பு வெட்டுகிறவர்கள் ஒவ்வொருவராக வந்தார்கள். தழும்பேறிய விரல்களில் பாதிக்கு ரேகையே விழவில்லை, சிவப்புப் பொட்டு மட்டும்தான். துப்பியவன் கடைசியில் வந்தான். என் ரேகைக்கு அடுத்தபடி இருந்த இடத்தில் வைத்தான். என்னைப் பார்க்கவில்லை.

"நாளைக்கு உங்க யாருக்கும் வேலை இருக்காது. போலீஸ் வரும்" என்றார் மெங்.

"வரட்டும். வாயைத் திறக்கச் சொல்லுங்க, அவங்களுக்கும் பார்த்துவிடுறோம்" என்றாள் லியூமே.

மேட்டுப் பள்ளிக்கு டிராக்டரில் போய்ச் சேர்ந்தபோது மூடுபனி இறங்கியிருந்தது. வகுப்பு ஆசிரியர் கதவைத் திறந்துவிட்டார். காலையிலிருந்து இரண்டு பிள்ளைகள் கன்னத்தைப் பிடித்துக்கொண்டு அழுவதாகச் சொன்னார். அவர்களை முதலில் படுக்க வைத்தோம். பெற்றோர்கள் தலையைப் பிடித்துக்கொண்டார்கள், செல்போன் வெளிச்சம் காட்டினார்கள், தண்ணீர் கொதிக்க வைத்தார்கள். நேற்று வைத்ததையெல்லாம் நெம்பி எடுத்தோம். வாடை அடித்ததைத் திறந்தே விட்டு, ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டியவர் பெயரைக் கரும்பலகையில் எழுதினோம். வாடை இல்லாததைச் சுரண்டிச் சுத்தம் செய்து புதிதாக அடைத்தோம்.

லூ அண்ணனிடமிருந்து இன்னும் அழைப்பு வரவில்லை. வண்டி போய் மூன்று மணி நேரமாகிறது. என் தொலைபேசியை ஜன்னல் ஓரம், எல்லோர் கண்ணிலும் படும்படி வைத்திருந்தேன்.

துப்பியவனின் மகன் மேசையில் ஏறினான். அப்பா தலைமாட்டில் வந்து நின்று, அவன் தாடையைப் பிடித்துக்கொண்டார். எத்தனை கழுவியும் என் கட்டைவிரலில் சிவப்பு போகவில்லை; கையுறைக்குள் மங்கலாகத் தெரிந்தது. ஒரு கரண்டி பொடி. ஒரு சொட்டு. குழைத்தேன். பளபளத்தது.

"ஆ காட்டு" என்றேன்.

அவன் அப்பாவை ஒரு தடவை பார்த்துவிட்டு வாயைத் திறந்தான்.