நீர்மாலை

விடிவதற்கு முன்னாலேயே பெரியாயி கடைவீதியைக் கூட்டத் தொடங்கிவிட்டாள். மாட்டுச் சாணம், வாழைச்சருகு, கருவாட்டுத் தலை, உடைந்த கள்ளுக் கலயம் எல்லாம் ராத்திரி மழையில் ஊறிக் கிடந்தன. மலைக்குளிரில் விரல்கள் மரத்துப்போயின. குனிந்த இடுப்பு நிமிராமல், விளக்குமாற்றை இரண்டு கையாலும் பிடித்து இழுத்தாள். மனசு மட்டும் லயத்தில், அந்த வரிசைக் குடியிருப்பில் கிடந்தது. அங்கே மகன் வெள்ளையன் வயிற்றுப்போக்கில் துவண்டு கிடந்தான். பக்கத்தில் இருக்கலாம்தான். வேலைக்கு வராவிட்டால் அன்றைக்குப் பேர் விழாது, கூலி இல்லை. பேர் இல்லாவிட்டால் கஞ்சி இல்லை.

பதுளைக்கும் ஹாலிஎலைக்கும் நடுவே இருந்த கல்லடிக்கடை என்ற ஊருக்குப் போர்டு வந்து கொஞ்ச காலம்தான் ஆகிறது. ஊர்க்காரியத்தை ஊர்க்காரர்களே பார்த்துக்கொள்ளட்டும் என்று துரைமார் கொடுத்த சபை. நல்ல காரியம்தான், யார் வேண்டாமென்றது? ஆனால் ஊர்க்காரர் யார் என்று கேட்டால், வீட்டுவரி கட்டுகிறவர். வரி கட்ட வீடு வேண்டும். தெருக் கூட்டி, கக்கூஸ் வாளி சுமக்கிற சனத்துக்கு வீடேது? போர்டு கட்டிக்கொடுத்த லயம் எல்லைக்கல்லுக்கு அந்தப் பக்கம், பள்ளத்தில் இருந்தது. ஊர் மலத்தைப் புதைக்கிற மேடு அதற்கு நேர் மேலே. மழை பெய்தால் மேட்டில் இருப்பதெல்லாம் லயத்து ஓடையில் இறங்கும். அந்த ஓடையைத்தான் குடித்தார்கள். அடப்பாவிகளா, இதைக்கூடவா சபை கூடி யோசிக்க வேண்டும்?

மலையிலிருந்து சந்தைமுனைக்குக் குழாய் பதித்தபோது வெள்ளையன்தான் முன்னால் நின்று பள்ளம் தோண்டினான். தண்ணீர் வந்த அன்றைக்கு வாழைமரம் கட்டிக் கொண்டாடினார்கள். மறுநாள் லயத்துப் பெண்கள் குடத்தோடு போனார்கள். எல்லைக்கு வெளியே இருப்பவர்களுக்கு இல்லை என்று விரட்டிவிட்டார்கள்.

குப்பையைப் போர்டு வண்டிக்காரன் லத்தீப்பின் மாட்டுவண்டியில் கொட்டிக்கொண்டிருந்தபோது லயத்தில் பக்கத்துக் காம்பரா அறைக்காரி மாரியாயி ஓடிவந்தாள். பெரியாயியின் கையிலிருந்த கூடையை வாங்கிக் கீழே வைத்தாள். பெற்றவளுக்குச் சொல்லியா தெரிய வேண்டும்?

லயத்து வாசலில் பறை கொட்டியது. பிணத்தைக் குளிப்பாட்ட நீர்மாலை எடுக்க வேண்டும். சொந்தபந்தம் குடங்களோடு போய், தலைக்கு மேலே வெள்ளைத்துணி பிடித்துத் தண்ணீர் கொண்டுவருவது முறை. வழக்கம்போல எல்லோரும் ஓடைப்பக்கம் திரும்பினார்கள். அதுவரை மகன் தலைமாட்டில் கிடந்த பெரியாயி எழுந்து வழியை மறித்தாள்.

"அந்தத் தண்ணிதான் எம்புள்ளயக் கொன்னுச்சு. அதையே அவன் தலையில ஊத்தச் சொல்றீங்களா?"

அவளே ஒரு குடத்தை இடுப்பில் வைத்துக்கொண்டு ஊர்ப்பக்கம் ஏறினாள். லயமே பறையோடு அவள் பின்னால் போயிற்று.

சந்தைமுனையில் புடவைக்கடை வைரவநாதன் முதலாளி கடை திறந்துகொண்டிருந்தார். போர்டு மெம்பர். பறைச் சத்தம் கேட்டு ஓடிவந்து குழாய்க்கு முன்னால் நின்றார். கெட்டவர் என்று சொல்லிவிட முடியாது. சாவு என்றதும் தோளில் கிடந்த துண்டை இறக்கினார்.

"பெரியாயி, சட்டம்னு ஒன்னு இருக்கு. எங்க வீட்டுக் கெணத்துல ஒரு கொடம் தரச் சொல்றேன், கொழாய விட்டுரு. இன்னைக்கு உன்ன விட்டா நாளைக்கு லயமே வரும்."

"வரத்தாங்க வேணும். ஒரு கொடம் செத்தவனுக்குங்க. உசுரோட இருக்கிறவங்க எதைக் குடிக்கிறது?"

"அது போர்டுல பேச வேண்டியது."

"பேசுனீங்களா?"

லத்தீப் வண்டியை நடுத்தெருவில் நிறுத்தி, மாட்டை அவிழ்த்துக் கட்டிவிட்டு வந்து குழாயைத் திருகினான். முதலாளி தடுக்கக் கை நீட்டினார். குடங்களோடு நின்ற கூட்டத்தைப் பார்த்ததும் கையை இழுத்துக்கொண்டார்.

அன்றைக்கு வெள்ளையன் நல்ல தண்ணீரில் குளித்தான். வளர்ந்த பிள்ளை, உயிரோடு இருந்தவரை ஒரு மடக்குக் கிடைக்கவில்லை. செத்தபிறகு குடம் குடமாக. பெரியாயி அவன் தலையை மடியில் தாங்கி ஈரத்தைத் துடைத்தாள்.

குழியை மூடிவிட்டுத் திரும்பும்போதே பேசி முடித்துவிட்டார்கள். லயத்துக்குத் தண்ணீர் வரும்வரை விளக்குமாற்றையும் வாளியையும் யாரும் தொடுவதில்லை. போர்டு சும்மா இருக்குமா? குழாய்க்குப் பூட்டுப் போட்டது. வேலைக்கு வராவிட்டால் லயத்தைக் காலி செய்யவேண்டும் என்று ஆள் விட்டுச் சொன்னது. ஊர் நாறத் தொடங்கியதும் வெளியூரிலிருந்து தெருக் கூட்டுகிற ஆட்களை ஏற்றிவர வைரவநாதன் வண்டி அனுப்பினார்.

வாளிகள் லயத்துக் கொட்டிலில் இருந்தன. அதனால் வந்தவர்களை, வேலை வாங்கும் போர்டு ஓவர்சியர் நேரே அங்கே கூட்டிவந்தான். வாசலில் பெண்கள் தலைவிரி கோலமாக உட்கார்ந்து ஒப்பாரி வைத்துக்கொண்டிருந்தார்கள். வந்தவர்களில் மூத்தவளான ரெங்கம்மா வண்டியிலிருந்து இறங்கியவள் அப்படியே நின்றுவிட்டாள்.

"யாரு தாயி?"

"எம்மகன்."

என்ன நோவு என்று கேட்டாள். பெரியாயி மேட்டைக் காட்டினாள், பிறகு ஓடையைக் காட்டினாள். ரெங்கம்மா இரண்டையும் பார்த்தாள். அவளும் வாளி சுமக்கிறவள்தான். வேறு விளக்கம் தேவைப்படவில்லை.

நேரமாகிறது, வாளியை எடுங்கள் என்று ஓவர்சியர் அதட்டினான்.

"எழவு வீட்டுக்கு வந்துட்டு வேலைக்குப் போற சாதி இல்லீங்க நாங்க," என்றாள் ரெங்கம்மா.

ஆளுக்கு இரண்டு நாள் பேர் போட்டுத் தருவதாகச் சொல்லிப் பார்த்தான். அவள் காதில் வாங்கவில்லை. பெரியாயியின் கழுத்தைக் கட்டிக்கொண்டு ஒப்பாரியின் அடுத்த அடியை எடுத்தாள். வண்டியில் இருந்த மற்றவர்களும் ஒவ்வொருவராக இறங்கி வந்து, ஈரத் தரையில் அவர்களோடு உட்கார்ந்தார்கள்.