ஆடு மேய்ந்த வயல்

“அந்த ஃபோன்ல மட்டும் கை வெக்காதீங்க மாமா, சொல்லிட்டேன்!”

சாவு வீட்டில் அழ வேண்டியவள் போட்ட சத்தம் இது. அரிசி டிரம்மின் மேல் சார்ஜில் கிடந்த அக்காவின் ஃபோனை மறைத்துக்கொண்டு பொன்னி நின்றாள். அக்கா புருஷன் ராமராஜன் நீட்டிய கையை மடக்கத் தோன்றாமல் விழித்தார்.

“தென்னேரி ஜனத்து நம்பரெல்லாம் அதுலதான்மா இருக்குது. சேதி சொல்ல வாணாமா?”

“கூரத்துச் சித்தப்பாகிட்டயும் எல்லா நம்பரும் இருக்குது. அவர சொல்லச் சொல்லுங்க.”

அவர் சண்டை போடவில்லை. காலையில் கஞ்சி ஊட்டிக்கொண்டிருக்கும்போதே பெண்டாட்டியைப் பறிகொடுத்த மனுஷனுக்கு அதற்கெல்லாம் ஏது தெம்பு.

பொன்னி ஃபோனில் ஆடும் விளையாட்டுகளை எழுதுகிறவள். அக்கா பெரியநாயகி அவளுடைய முதல் ஆட்டக்காரி, முதல் எதிரியும் அவள்தான். கேரம் போர்டில் தொடங்கி கல்யாணத்துக்குப் புடவை எடுத்தது வரைக்கும் தங்கையை ஜெயித்தே பழகியவள். சிறுநீரகம் கெட்டு டயாலிசிஸுக்குப் போய்ப் படுக்கும் நேரமெல்லாம் தங்கை எழுதிய விளையாட்டுதான் துணை. ஒரு வயல், ஒரு ஆடு, நாம் ஆட்டிவைக்க ஒரு ஆள், அவன் பஸ் ஏறினால் காஞ்சிபுரம் சந்தை. அவ்வளவுதான் விளையாட்டு.

“ஏன்டி, நான் பாக்காங்காட்டி பயிரு வளராதா?” என்று முதல் நாளே கேட்டாள் அக்கா. கேட்டதும் நியாயம்தான். சந்தை திறந்தால் ஃபோன் வயலை மூடிவிடும். ஆள் திரும்பி வரும்போது பயிர் விட்ட இடத்திலேயே நிற்கும்.

பொன்னி ஒரு குறுக்கு வழி பிடித்தாள். ஆள் சந்தையில் இருந்த நேரத்தைக் கணக்குப் போட்டு, திரும்பியதும் பயிரை ஒரே மூச்சில் வளர்த்துவிட்டாள். அக்கா விடுவாளா? ஆட்டை வயலுக்குள் விட்டுப் படலைச் சாத்திவிட்டுச் சந்தைக்குப் போனாள். திரும்பினால் நெல் கதிர் முற்றித் தலை சாய்ந்து நிற்கிறது, நடுவில் ஆடு வாயைத் திறக்காமல் நிற்கிறது.

“உன் ஆடு ஏகாதசி விரதமாடி?”

நர்ஸ் முதல் பக்கத்துக் கட்டில்காரர் வரை காட்டிச் சிரித்தாள். பொன்னிக்கு மானமே போயிற்று. அன்றைக்கே அந்தக் குறுக்கு வழியை அழித்துவிட்டு மறுபடி எழுத உட்கார்ந்தாள். வயலின் ஓட்டத்தை வயலிலிருந்தே பிரித்தெடுத்து, எந்த இடம் திறந்தாலும் மூடினாலும் நிற்காமல் பின்னால் ஓடும்படி தனியாக வைத்தாள். பயிர், ஆடு, மழை எல்லாம் யார் பார்த்தாலும் பார்க்காவிட்டாலும் தம் பாட்டுக்கு நடக்க வேண்டும். நேற்று சாயங்காலம்தான் அதை அக்காவின் ஃபோனில் ஏற்றினாள்.

இன்று காலை அக்கா மறுபடியும் ஆட்டை வயலில் விட்டு, ஆளைச் சந்தைக்கு அனுப்பினாள். “மத்தியானம் பாத்துக்கலாம். தோத்துட்டு அழக்கூடாது” என்றாள். மத்தியானம் வரை அவள் இருக்கவில்லை.

ஆட்டத்தைச் சேமித்து வைக்கும் பகுதியைப் பொன்னி இன்னும் எழுதியிருக்கவில்லை. தெரியாத்தனமாக யாராவது மூடினால் எல்லாம் போச்சு. அவளே திறந்து பார்த்திருக்கலாம், பயமாக இருந்தது. ஆடு வாய் வைக்காமல் பயிர் நின்றால் அக்கா ஜெயித்தாள் என்று அர்த்தம். பதிலுக்கு ஜெயிக்க இனி ஆட்டமே கிடையாது. ஆனால் அவளை எடுப்பதற்குள் பார்த்தே ஆக வேண்டும்.

“தாய் வூட்டுக் கோடி எங்க? நேரமாவுது, பொன்னி!” வாசலில் ராமராஜனின் அக்கா பூவம்மாள் கூப்பிட்டாள்.

அப்பா அம்மா இல்லாததால் தாய் வீடு என்றால் பொன்னிதான். ஒரு கையில் அரக்குக் கரை போட்ட பட்டுப்புடவையும் மறு கையில் ஃபோனுமாகப் போனாள். சுற்றிலும் பெண்கள் புடவையை விரித்து மறைப்புப் பிடித்திருந்தார்கள். மஞ்சள் பூசிக் குளிப்பாட்டிய அக்காவுக்குக் கோடியைச் சுற்றி, கொசுவத்தை நீவிவிட்டாள். பிறகு ஃபோனை எடுத்து, சந்தையில் நின்ற ஆளைப் பஸ் ஏற்றினாள். திரையில் வட்டம் சுற்றியது, சுற்றிக்கொண்டே இருந்தது.

வயல் வந்தது. ஒரு தாள் பயிர் இல்லை. வரப்போரப் புல்லைக்கூட விட்டுவைக்காமல் ஆடு வழித்துத் தின்றிருந்தது. படல் சாய்ந்து கிடந்தது. ஆட்டின் வயிற்றடியில் வெள்ளையாக ஏதோ ஆடியது.

குட்டிகள். குட்டி போடும் என்று என்றைக்கோ எழுதியது அவளுக்கே மறந்து போயிருந்தது.

பொன்னி வாய்விட்டுச் சிரித்தாள். குனிந்து அக்காவின் காதருகே, “தின்னுடுச்சுக்கா! ஒண்ணு விடாம தின்னுடுச்சு!” என்று கத்தினாள். மறைப்புப் புடவை ஆடியது. யாரோ அவள் தோளைப் பிடித்தார்கள். அவளுக்குச் சந்தோஷம் தாங்கவில்லை.

பூவம்மாள் திரையை எட்டிப் பார்த்தாள்.

“குட்டி எத்தினி?”

“ரெண்டு.”

“கெடாவா, பொட்டையா?”

பொன்னி திரையைப் பெரிதாக்கிப் பார்த்தாள். “ஒண்ணு கெடா, ஒண்ணு பொட்டை.”

“பொழச்சிக்கும்” என்றாள் பூவம்மாள், புடவையை இன்னும் உயர்த்திப் பிடித்தபடி.

மேளம் தெருமுனை திரும்பியதும் பெண்கள் வீட்டைக் கழுவிவிட ஆரம்பித்தார்கள். தண்ணீர் அடுக்களை வரை ஓடி வந்தது. டிரம்மின் மேல் மறுபடி சார்ஜில் போட்டிருந்த ஃபோனைப் பொன்னி எடுத்து மேல் அலமாரியில், சார்ஜர் எட்டும் இடத்தில் வைத்தாள். ஆட்டை விரட்டவில்லை. ஆளை மறுபடியும் சந்தைக்கு அனுப்பிவிட்டு, வாளியைத் தூக்கினாள்.