இரண்டாவது வயர்

சிவசங்கரனின் வயிற்றெரிச்சலுக்குக் காரணம் ஒரு பெட்டி. முன்னீர்பள்ளம் பக்கத்து நூல்மில்லில் இருபது வருஷமாக ஜெனரேட்டர், மோட்டார், டெலிபோன் எல்லாம் அவர் கைக்குள். எது நின்றாலும் "சிவசங்கரனக் கூப்பிடு" என்பதுதான் அங்கே பேச்சு. தொண்ணூற்றெட்டில் சென்னை ஆபீஸோடு மில்லின் கம்ப்யூட்டர்களை இணைக்க ரௌட்டர் என்று ஒரு கறுப்புப் பெட்டி வந்தது. அதைப் பார்த்துக்கொள்ள அனுராதா வந்தாள். வயது இருபத்துநாலு. அன்றிலிருந்து மேனேஜர் காந்திமதிநாதன் வாயில் வேறு பேரே வரவில்லை.

அவள் திமிர் பிடித்தவளாக இருந்தாலாவது பரவாயில்லை. "அண்ணாச்சி, அண்ணாச்சி" என்று மரியாதையாகப் பேசித் தொலைத்தாள். முதல் நாளே பெட்டியின் முதுகை அவருக்குக் காட்டினாள். இந்த ஓட்டையில் சென்னை லைன், இதில் நம் கம்ப்யூட்டர்கள்.

"கரண்டுக்கு ரெண்டு வயர் இருக்கு அண்ணாச்சி. ஒண்ண யூபிஎஸ்ல குடுங்க, இன்னொண்ண நேர் லைன்ல குடுத்திருங்க."

எதற்கு இரண்டு என்று அவர் கேட்கவில்லை. கேட்டால் தெரியாது என்று ஆகிவிடுமே! இரண்டு கரண்டு வயர் வைத்த மெஷினை அவர் அதுவரை கண்டதில்லை. யூபிஎஸ் வயர் பெட்டிக்கு, மற்றது உள்ளே சுற்றும் விசிறிக்கு என்று தானாகவே முடிவு கட்டிக்கொண்டார்.

ஆயுத பூஜை வந்தது. ஒவ்வொரு மெஷினுக்கும் சந்தனம் குங்குமம் வைத்து, கடைசியில் கற்பூரத் தட்டைக் காட்டுவது வருஷா வருஷம் சிவசங்கரன்தான். அந்த ஒரு காலை நேரத்துக்காகவே புது வேட்டி எடுப்பார். இந்த வருஷம் மேனேஜர் அவர் தோளில் கை போட்டார்.

"தட்ட அனுராதா காட்டட்டும் வே. பத்து மணிக்கு முதலாளி சென்னைலேர்ந்து வாழ்த்து அனுப்புதாரு, நம்ம ஸ்கிரீன்ல வருது. நீரு பொட்டு வையும், போதும்."

பொட்டு வையும், போதும்! சிவசங்கரனுக்குக் காதெல்லாம் சுட்டது. தட்டு போனால் எல்லாம் போன மாதிரி. நாளைக்கு மோட்டார் நின்றால்கூட அவளைத்தான் கூப்பிடுவார்கள். இன்றைக்கு அந்தப் பெட்டி எல்லோர் முன்னாலும் கண்ணை மூட வேண்டும், அவள் முழிக்க வேண்டும், தான் போய் நிமிர்த்த வேண்டும் என்று மனசு அடித்துக்கொண்டது.

அன்று மற்ற மெஷினுக்கெல்லாம் ஓய்வு. ரௌட்டர் மட்டும் ஓடிக்கொண்டிருந்தது. பத்து அடிக்க ஒரு நிமிஷம். மில்லே திரை முன்னால் கூடி நிற்க, சிவசங்கரன் சந்தனக் கிண்ணத்தோடு பெட்டியின் பின்னால் போய்க் குனிந்தார். யூபிஎஸ் வயரைப் பிடித்து ஒரே இழுப்பாக இழுத்தார்.

காதைத் தீட்டிக்கொண்டு காத்திருந்தார். கைதட்டல்தான் கேட்டது. வாழ்த்து வந்துவிட்டது!

அவருக்கு ஒன்றும் ஓடவில்லை. பெட்டிக்கான வயரைப் பிடுங்கியும் பெட்டி ஜம்மென்று ஓடுகிறது. ஆத்திரத்தில் இரண்டாவது வயரிலும் கை வைத்தார். அதற்குள், முன்பக்கத்துப் பச்சை விளக்குகளில் ஒன்று அணைந்ததைக் கண்டு அனுராதா பின்னால் வந்துவிட்டாள். கீழே கிடந்த வயரைப் பார்த்தாள். அவர் கையைப் பார்த்தாள்.

"என்னம்மா, எதுவும் கோளாறா?" என்றபடி மேனேஜரும் எட்டிப் பார்த்தார்.

சிவசங்கரன் வயரிலிருந்து கையை எடுத்தார். இருபது வருஷத்து வேலையும் பேரும் அந்தப் பெண் வாயில் நின்றன.

"ஒண்ணுமில்ல சார். ஒரு வயர் போனாலும் இன்னொண்ணு தாங்குதான்னு அண்ணாச்சியப் பாக்கச் சொல்லிருந்தேன். தாங்குது."

"பலே வே, சிவசங்கரன்!" என்று மேனேஜர் அவர் முதுகில் தட்டிவிட்டுப் போனார்.

அனுராதா வயரை எடுத்துச் செருகினாள். "எங்கிட்டக் கேட்டிருந்தா சொல்லிருப்பேன்லா அண்ணாச்சி" என்றாள், அவருக்கு மட்டும் கேட்கும்படி. பிறகு கற்பூரத் தட்டைக் கொண்டுவந்து அவர் கையிலேயே கொடுத்தாள். "நீங்களே காட்டுங்க. எனக்கு இதெல்லாம் பழக்கமில்ல."

சிவசங்கரன் காட்டினார். எல்லோரும் கன்னத்தில் போட்டுக்கொண்டார்கள். அவளும்தான். அவள் இரண்டு வார்த்தை திட்டியிருந்தால் ராத்திரி நிம்மதியாகத் தூங்கியிருப்பார். இதுவரை அவள் படிப்பின்மேல்தான் பொறாமை. இப்போது அவள் மனசின்மேலும்.