பெயர் சொன்ன வாய்

கீழ்க்கடலில் ஞாயிறு எழ, மரக்காணத்து உப்பளப் பாத்திகள் யாவும் செந்நிறம் பூண்டு கிடக்க, வரப்பில் குவித்த வெள்ளுப்பைத் தடவியவாறு ஈரக்காற்று மேற்கே போயிற்று. நல்லறிவுடையீர், கண்ணுக்கு இத்துணை இனிய காலையில்தான் அக்கொடுமை நடந்தது என்பதை நினைக்க இன்றும் என் நெஞ்சு கொதிக்கிறது.

தையல்நாயகி எழுபது அகவை கடந்தவள். ஆடவர் மட்டுமே செய்தி திரட்டிய நாளில், இப்பகுதியிலிருந்து நாளிதழுக்கு எழுதிய முதற்பெண் அவளே. கொலை நடந்த களத்துக்கும் அஞ்சாமல் சென்று எழுதியவள், பின்னாளில் மனையியல் கற்று, சமையலும் சிக்கனமும் பிள்ளை வளர்ப்பும் பற்றி ஊரூராகப் பெண்களுக்கு அறிவுரை வழங்கிவந்தாள். தொழில் மாறியும் பழக்கம் மாறவில்லை. ஊரும் பேரும் இல்லாத செய்தியை எவர் நம்புவார் என்பாள்.

உப்பளக் கூலியாளான சாமுண்டீஸ்வரி, குடித்துவிட்டு வந்து அடிக்கும் கணவன் சடையப்பனைப் பற்றி அவளிடம் அழுதாள். அவன் வாங்கி வைக்கும் பிராந்திப் புட்டியில் பாதியைக் கொட்டிவிட்டு, நிறம் குன்றாதபடி ஆறிய தேயிலைச் சாற்றை ஊற்றிவைக்கச் சொன்னாள் தையல்நாயகி. வெறி தணிந்தது, முதுகுக் காயங்கள் ஆறின, சாமுண்டீஸ்வரி சிரிக்கவும் தொடங்கினாள். அவ்வெற்றியை மனத்துக்குள் வைத்துக்கொள்ள மாட்டாமல், வானூரில் கூடிய பெண்கள் நடுவே, மரக்காணத்துச் சாமுண்டீஸ்வரி என்று விளங்கச் சொல்லிக் கைதட்டல் பெற்றாள் பெரியவள். கைதட்டியவர்களுள் சடையப்பனின் அக்காளும் இருந்தாள். பெயரை ஊரறியச் சொல்வது படித்தவள் செய்யும் வேலையா!

அந்தப் பாராட்டைச் சொல்லி மகிழவே மறுநாட்காலை தையல்நாயகி உப்பளம் வந்தாள். அவள் வாய் திறப்பதற்குள் சடையப்பன் பாய்ந்துவந்து, உப்பு வாரும் நெடும்பலகையை மனைவியின் கையிலிருந்து பறித்தான்.

“டீத்தண்ணிய ஊத்திக் குடுத்து ஊரே சிரிக்க வச்சிட்டியேடி! வானூர்ல இந்தம்மா ஒம் பேரச் சொன்னத எங்கக்கா காதால கேட்டுருக்கா!”

முதலடியில் தோள் இறங்கிற்று. இரண்டாவதில் முகம் கிழிந்து, பாத்திக்குள் விழுந்தவளின் காயத்தில் உப்புநீர் ஏற, அவள் அலறிய அலறலில் நாரைகள் எழுந்து பறந்தன.

“டேய், அவள விட்டுடுப்பா! நான்தான் சொல்லிக் குடுத்தேன்!” என்று இடையே விழுந்த தையல்நாயகியின் முன்கை முறிந்தது. அவளை உதைத்துத் தள்ளிவிட்டு, எழ முயன்ற மனைவியின் தலைமீது பலகையை ஓங்கி இறக்கினான் அப்பாவி உயிரைக் குடித்த கொடியன். சுற்றிநின்ற பெண்கள் திரண்டு, தத்தம் பலகைகளால் அவனை அடித்து வீழ்த்தி, சேற்றில் அழுத்திப் பிடித்தனர். காலம் கடந்துவிட்டது.

குருதி வழியும் தலையை மடியில் ஏந்தினாள் தையல்நாயகி. சாமுண்டீஸ்வரி விழி திறந்து, சினமின்றி, அறியாமல்தான் கேட்டாள்:

“எம் பேர ஏம்மா சொன்னீங்க?”

மறுமொழி கேட்க அவள் இருக்கவில்லை.

உண்மையை உரைத்தல் பெருமைதான். ஆயினும், அடிபட்டவள் ஒதுங்கி உயிர் பிழைத்திருக்கும் சிறு மறைவை, அவளைப் புகழ்வதற்காகவேனும் ஊரறியத் திறந்துவிடுதல் எவருக்கும் தகாது. இதைத் தையல்நாயகி அறிந்துகொண்டாள். அறிந்ததற்கு உயிரைக் கொடுத்தவள் வேறொருத்தி.